நெடுந்தீவின் டீசலும் டெல்லியின் கவலையும்

யாழ்ப்பாண மாவட்டத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறினால் நெடுந்தீவு போய்ச் சேரப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அரிசி மூட்டை, சீமெந்து, சைக்கிள், கோழிக்கூடு என்று எல்லாமே அந்தக் கடலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். மின்சாரமும் ஒருவகையில் அப்படிப் போவதுதான். தேசிய மின்கட்டமைப்பின் கம்பி அந்தத் தீவை எட்டவில்லை என்பதால் டீசலைக் கடல்வழியே கொண்டுபோய், அங்கே ஜெனரேட்டரில் எரித்து, தீவுக்குள் ஓடும் சின்னக் கம்பி வலையில் விடுவது பல வருட வழக்கம். நயினாதீவிலும் அனலைதீவிலும் இதே கதை. டீசல் விலை ஏறினால் செலவு ஏறும், கடல் கொந்தளித்தால் கவலை ஏறும்.

அடிக்கிற வெயிலையும் வீசுகிற காற்றையும் வைத்துப் பார்த்தால் இதற்கு விடை சிரமமானதல்ல. சூரியத் தகடு, சிறு காற்றாலை, பேட்டரி, அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் என்று கலந்து வைத்துவிடலாம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இதற்கு விலைமனு கோரினார்கள். 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தைக் கொடுக்க இலங்கை அமைச்சரவை அங்கீகாரம் தந்தது. சுமார் 12 மில்லியன் டொலர் பெறுமதி. ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் இது கடுகு.

அந்தக் கடுகுக்குத்தான் டெல்லி கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. நெடுந்தீவில் இருந்து இராமேசுவரம் சுமார் 50 கிலோமீற்றர். ஒரு மின்திட்டம் என்றால் தகட்டைப் பொருத்திவிட்டுத் திரும்பிப் போவதோடு முடியாது. பொறியியலாளர்கள் வருவார்கள், தங்குவார்கள், பராமரிப்புக்கு வருடக்கணக்கில் வந்து போவார்கள். தங்கள் கடற்கரையில் இருந்து பார்க்கும் தொலைவில் இதெல்லாம் சீன நிறுவனத்தின் கையில் இருக்கக் கூடாது என்பது இந்தியாவின் கணக்கு. அந்தக் கவலை நியாயமா என்பது தனி விவாதம். விளைவு மட்டும் தெளிவாக இருந்தது. 2021 டிசம்பர் தொடக்கத்தில், 'மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலை' காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்படுவதாகக் கொழும்பில் உள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. அதே அறிவிப்பில், மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின்னுற்பத்திக்கு அந்த நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டதையும் சேர்த்துச் சொன்னார்கள். குத்தல் எங்கே என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, மேல்சட்டை இல்லாமல் நல்லூர்க் கந்தனைக் கும்பிட்ட படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

2022 மார்ச்சில் அதே மூன்று தீவுகளுக்கான திட்டத்தை இந்தியா ஏற்றுக்கொண்டது. இம்முறை கடனாக இல்லை, 11 மில்லியன் டொலர் நன்கொடையாக. பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வேலை ஒப்படைக்கப்பட்டது 2024 மார்ச்சில். அதாவது, கடன் நன்கொடையாக மாறியதில் இலங்கைக்கு இலாபம். ஆனால் அமைச்சரவை அங்கீகாரத்தில் இருந்து மறு ஒப்பந்தம் வரை மூன்று வருடம் போயிற்று. அந்த மூன்று வருடமும் படகில் டீசல் போனது. இடையில் வந்தது 2022. டீசலே இல்லாத வருடம்.

பெரிய நாடு சின்ன நாட்டின் எரிசக்திக் கொள்கையை எப்படி வளைக்கிறது என்று பேசும்போது பெரும்பாலும் கடன், முதலீடு, திட்டம் என்று 'கொடுப்பதை' வைத்தே பேசுகிறோம். இலங்கையின் கதையைப் புரட்டிப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. கொடுப்பதைவிட 'வேண்டாம்' என்று தடுப்பதுதான் அதிகம் வேலை செய்திருக்கிறது. தடுப்பது மலிவு, அதற்குத் தடுப்பவர் ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை. காத்திருப்பின் கூலியைத் தடுக்கப்பட்டவர் டீசலாகக் கட்டுவார்.

இது இந்தியாவில் தொடங்கிய பழக்கமும் இல்லை. 1961இல் சிறிமாவோ அரசாங்கம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. அதுவரை சந்தையைக் கையில் வைத்திருந்தவை ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ. அடுத்த வருடமே அந்த நிறுவனங்களின் விற்பனை நிலையங்களில் ஒரு பகுதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, சோவியத் ஒன்றியத்தில் இருந்து மலிவு விலையில் எண்ணெய் வாங்கியது. இழப்பீட்டுப் பேச்சு இழுபட, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. அமெரிக்கர்களின் சொத்தை எடுத்துக்கொண்டு உரிய இழப்பீடு தராத நாட்டுக்கு உதவி கிடையாது என்று அதற்கு முந்தைய வருடம்தான் அங்கே சட்டத் திருத்தம் ஒன்று வந்திருந்தது. அது முதலில் பாய்ந்த நாடு இலங்கை. 1965இல் ஆட்சி மாறி டட்லி சேனநாயக்க வந்த பிறகு இழப்பீடு பேசி முடிக்கப்பட்டது, உதவியும் திரும்ப வந்தது. யாரிடம் எண்ணெய் வாங்குவது, யார் விற்பது என்ற முடிவு உள்நாட்டு முடிவு மட்டும் இல்லை என்பதைக் கொழும்பு அப்போதே கற்றுக்கொண்டது.

1969இல் சபுகஸ்கந்தவில் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்றைக்கும் நாட்டில் இருப்பது அது ஒன்றுதான். நாளொன்றுக்கு சுமார் 50,000 பீப்பாய். இங்கே ஒரு தொழில்நுட்ப விடயத்தைக் கவனிக்க வேண்டும். சுத்திகரிக்கப்படாத மசகு எண்ணெய் எல்லாம் ஒன்று போல இருக்காது. ஒன்றின் அடர்த்தி அதிகம், இன்னொன்றில் கந்தகம் அதிகம். காய்ச்சி வடிக்கும்போது எவ்வளவு பெற்றோல், எவ்வளவு டீசல், எவ்வளவு உலை எண்ணெய் கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது. ஆகவே ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டும்போதே எந்த எண்ணெயை அது 'சாப்பிடும்' என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. சபுகஸ்கந்த ஈரானின் இலகு ரக எண்ணெய்க்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது.

2012இல் அமெரிக்கா ஈரான் மீது தடைகளை இறுக்கியபோது அந்த வடிவமைப்பே பொறியாகிவிட்டது. கொள்வனவைக் குறைத்துக்கொள்ளும் நாடுகளுக்கு விலக்கு உண்டு என்று வாஷிங்டன் சொன்னது, இலங்கைக்கும் அந்த விலக்கு கிடைத்தது. ஆனால் பணத்தை எந்த வங்கி அனுப்பும்? கப்பலுக்கு எந்த நிறுவனம் காப்புறுதி கொடுக்கும்? அமெரிக்கச் சந்தையோடு தொடர்புள்ள எந்த வங்கியும் தொடத் தயங்கும் பணம் அது. அடுத்தடுத்த காலத்தில் ஈரான் எண்ணெய் வரத்து நின்றுபோனது. வாங்கி எரித்துத் தீர்த்த எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடன் மட்டும் கணக்கில் தொங்கியது. 2021 டிசம்பரில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை ஈரானுக்கு அனுப்பி அடைப்பது. தேயிலை உணவுப்பொருள், தடைசெய்யப்பட்ட வங்கிகள் இதில் சம்பந்தப்படவில்லை, எனவே தடையை மீறவில்லை என்பது அரசாங்கத்தின் விளக்கம். பத்து வருடத்துக்கு முன்னர் புகையாகிப் போன எண்ணெய்க்கு மலையகத்தில் கொழுந்து பறிக்கும் கைகள் கடன் அடைக்க வேண்டிய ஏற்பாடு இது. வாஷிங்டனில் சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, திருகோணமலைக்கு வருவோம். இந்தியாவின் செல்வாக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

சீனக்குடாவில் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள் பிரித்தானியர் காலத்தவை. மொத்தம் 99. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும், கூட்டிப் பார்த்தால் பத்து இலட்சம் தொன்னுக்குக் கிட்ட வரும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் ஒன்று மோதி நாசமான தாங்கியின் எச்சம்கூட அங்கே இருக்கிறது. போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பக் கட்டிய இந்த இடம், சுதந்திரத்துக்குப் பிறகு சின்ன நாடு ஒன்றுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாத்திரம். நிரப்பத்தான் வழியில்லை.

1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நாம் இனப்பிரச்சினை, மாகாண சபை, அமைதிப்படை என்றுதான் நினைவில் வைத்திருக்கிறோம். ஒப்பந்தத்தோடு இருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை எடுத்து வாசித்தால் வேறு விடயங்கள் இருக்கும். வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்கள் குறித்து ஒரு வரி. திருகோணமலையோ வேறு எந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுக்கப்படாது என்று ஒரு வரி. வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் பற்றி ஒரு வரி. இவற்றோடு ஒன்றாக, திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைச் சீரமைத்து இயக்கும் வேலையை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் செய்யும் என்று ஒரு வரி. எண்ணெய்த் தாங்கி உளவாளிகளோடும் போர்க்கப்பல்களோடும் ஒரே பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. எரிசக்தியைப் பாதுகாப்பின் ஒரு கிளையாக டெல்லி பார்க்கிறது என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் தேட வேண்டாம்.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? 16 வருடம் கழித்து 2003இல்தான் குத்தகை வந்தது. இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி. வருடம் ஒரு இலட்சம் டொலருக்கு 35 வருடக் குத்தகை பெற்றது. பயன்பாட்டுக்கு வந்தவை கீழ்த்தொகுதியில் இருந்த 14 தாங்கிகளைச் சுற்றித்தான். மேட்டில் இருந்த 85 தாங்கிகளில் மரம் முளைத்தது. பஸ் சன்னலுக்குள் கையை விட்டுச் சீட்டில் துண்டு போட்டு வைப்போமே, அதுபோலத்தான். ஆள் ஏறினாரா என்பது அடுத்த விடயம், வேறு யாரும் உட்காரவில்லை என்பதே போதும். கடைசியில் 2022 ஜனவரியில், டொலர் கையிருப்பு வற்றி நாடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், பங்கு பிரித்தார்கள்: ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மீதி 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் 51 வீதம் இலங்கைக்கு, 49 வீதம் ஐ.ஓ.சி.க்கு. காலம் 50 வருடம். கடிதத்தில் எழுதிய வரி ஒப்பந்தமாக மாற 34 வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்த 85 தாங்கிகளில் பத்தைச் சீர்செய்து நிரப்பி வைத்திருந்தால்கூட 2022இன் வரிசைகள் கொஞ்ச நாளாவது தள்ளிப்போயிருக்கும். நிரப்ப டொலர் எங்கே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. ஆனால் தாங்கி இருந்தால் மலிவான காலத்தில் வாங்கி வைக்கலாம், மற்ற நாட்டு வணிகர்களுக்கு வாடகைக்கு விட்டு டொலரும் சம்பாதிக்கலாம்.

திருகோணமலைக் குடாவின் மறுகரையில் இருக்கும் சம்பூரின் கதையும் துண்டுக் கதைதான். ஆனால் இங்கே சீட்டில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். 2006இல் சண்டையில் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அதே வருடம் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு அங்கே நிலக்கரி மின்நிலையம் கட்டும் பேச்சு உருவானது. 2011இல் கூட்டு நிறுவனம், 500 மெகாவாட் திட்டம். சனங்கள் வருடக்கணக்கில் முகாம்களில் இருந்தார்கள். 2016இல் நிலக்கரி வேண்டாம் என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டது. குடாவின் தண்ணீருக்கும் அந்த மண்ணுக்கும் அது நல்ல செய்தி, எனக்கு அதில் சந்தேகமில்லை. அப்புறம் அதே இடத்துக்குச் சூரிய மின்திட்டம் வந்தது. 120 மெகாவாட், 2025 ஏப்ரலில் நரேந்திர மோடி கொழும்பு வந்தபோது தொடங்கிவைத்தார். நிலக்கரி சூரியனாக மாறியது, நாடு மாறவில்லை. இந்தியாவேதான்.

இதே காலத்தில் மேற்குக் கரையில் வேறு வேகம். புத்தளம் பக்கம் நுரைச்சோலையில் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் நிலக்கரி நிலையம் எழுந்தது. முதல் 300 மெகாவாட் 2011இல், மற்ற இரண்டும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது 2014இல். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அடிக்கடி பழுதாகும் நிலையம் என்ற கெட்ட பெயரும் அதற்கு உண்டு. கிழக்கில் இழுபறி, மேற்கில் கட்டுமானம். யார் சீக்கிரம் பணம் கொண்டுவந்தார்களோ அவர்களின் பக்கம் நாட்டின் மின்சாரம் சாய்ந்தது. 

இதிலிருந்து கொழும்பு வெறும் அப்பாவி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருவரைக் காட்டி இன்னொருவரிடம் விலை பேசுவது கொழும்பின் பழைய கலை. சீனாவுக்கு அம்பாந்தோட்டை, இந்தியாவுக்குத் திருகோணமலை, அமெரிக்க நிறுவனத்துக்குக் கெரவலப்பிட்டி என்று பிரித்துக் கொடுத்தார்கள். கெரவலப்பிட்டி மின்நிலையத்தின் 40 வீதப் பங்கை 2021 செப்டெம்பரில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்ததை எதிர்த்த இரு அமைச்சர்கள் பின்னர் பதவி இழந்தார்கள். பேரம் பேசுவது தப்பில்லை. பேரம் பேச அவகாசம் வேண்டும், அதற்குக் கையிருப்பு வேண்டும். 2022இல் இரண்டும் இல்லை.

அந்த வருடத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20. கொழும்புக் கடலில் ரஷ்ய மசகு எண்ணெயோடு ஒரு கப்பல், பணம் கட்ட ஆளில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. அதை ஒருவாறு வாங்கி மே கடைசியில் சபுகஸ்கந்தவை மறுபடி இயக்கினார்கள். இந்தியா எரிபொருளுக்கு முதலில் 500 மில்லியன் டொலர் கடன் வசதி கொடுத்தது, பின்னர் கூட்டியது. மற்ற உதவிகளையும் சேர்த்தால் அந்த வருடம் சுமார் 4 பில்லியன் டொலர். அந்த நேரத்தில் அது வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அதே மார்ச்சில்தான் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைப்பது குறித்து அதானி குழுமத்தோடு உடன்பாடு வந்தது. போட்டி விலைமனு இல்லை. ஜூனில் மின்சார சபையின் அப்போதைய தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன்னால், இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்றார். ஜனாதிபதி கோட்டாபய மறுத்தார். சொன்னவரும் மறுநாளே வாபஸ் வாங்கினார், சில நாட்களில் பதவி விலகினார். உண்மையில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிடுவோம். விலையைப் பார்த்தாலே போதும். 484 மெகாவாட், 20 வருட ஒப்பந்தம், ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம். மன்னார் வழியாக வந்து போகும் வலசைப் பறவைகளை முன்வைத்துச் சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள், மன்னார் ஆயரும் போனார். ஆட்சி மாறி வந்த புதிய அரசாங்கம் 6 சதத்துக்குக் கீழே வேண்டும் என்று மறுபடி பேசப் பார்த்தது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொள்வதாக எழுதியது. தடுக்கும் செல்வாக்கு காலத்தைத் தின்னும் என்றேன். இது இன்னொரு வகை. போட்டியே இல்லாமல் நுழையும் செல்வாக்கு விலையில் தெரியும், மின்பட்டியல் கட்டுகிறவருக்கு அது பெயர் போட்டு வராது.

இப்போது பேச்சு கடலுக்கு அடியில் ஒரு கேபிள் பற்றி. இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் இணைக்கும் யோசனை பல வருடமாக இருக்கிறது, 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு உடன்பாடாகவும் ஆனது. அதே பயணத்தில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து மூன்று நாட்டு உடன்பாடு ஒன்று வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னர் பீஜிங்கில், அம்பாந்தோட்டையில் சீன எண்ணெய் நிறுவனமான சினோபெக் 3.7 பில்லியன் டொலரில் சுத்திகரிப்பு நிலையம் கட்ட உடன்பாடு. கொழும்பு தராசு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

கேபிள் தேவைதானா? தொழில்நுட்பக் கண்ணால் பார்த்தால் தேவை. இலங்கையின் உச்ச மின்தேவை 2,500 மெகாவாட்டைத் தாண்டும், அவ்வளவுதான். அதில் 900 ஒரே இடத்தில். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாடும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. பக்கத்து வீட்டில் இருந்து ஒரு வயர் இழுத்திருந்தால் சமாளித்திருக்கலாம். மன்னார்க் காற்றை விற்று டொலர் பார்க்கவும் அந்த வயர்தான் வழி.

வயரின் மறுமுனையில் இருப்பவர் என்ன நிபந்தனை போடுவார் என்பதை நேபாளத்தைப் பார்த்து ஊகிக்கலாம். நீர்மின்சாரம் விற்க நேபாளத்துக்கு இருக்கும் பெரிய சந்தை இந்தியாதான். சீன முதலீடோ சீன ஒப்பந்தக்காரரோ சம்பந்தப்பட்ட நிலையத்தின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. அதனால் புதிய நிலையம் கட்டும் நேபாள நிறுவனங்கள், சீன ஒப்பந்தக்காரர் மலிவாகச் செய்து தருவதாக இருந்தாலும் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசிக்கின்றன. யாரும் யாரையும் மிரட்டவில்லை. வாங்குகிறவரின் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவே.

அந்த வரி பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தால் பூநகரியில் காற்றாலை நடப்போகிறவர் முதலில் பார்க்கப்போவது காற்றின் வேகத்தை அல்ல. விசிறி எந்த நாட்டில் செய்தது, இன்வேர்ட்டர் யாருடையது, பராமரிப்புக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு ஆள் வருவார் என்பதைத்தான். நெடுந்தீவில் ஒப்பந்தம் கொடுத்த பிறகு எழுந்த கேள்வி, இனி விலைமனு எழுதும்போதே முதல் பக்கத்தில் வந்துவிடும்.